ஏ.எஃப். உள்ளவர்களுக்குத் தலைசுற்றல்: வாசகர் கேள்விகளும் இதய மருத்துவரின் பதில்களும்

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தலைசுற்றலைப் பற்றியவை. ஏ.எஃப். என்றால் என்ன என்று மறுபடியும் தொடங்கப்போவதில்லை. கடிதம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: நாடித்துடிப்பு எவ்வளவு, என்னென்ன மாத்திரை, இந்த இரண்டையும் எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு ஜோசியர்தான் பதில் சொல்ல முடியும்.

ஏ.எஃப். இருந்தாலே தலை சுற்றுமா? (திருச்சி)

சுற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பலருக்கு எந்தத் தொந்தரவும் இராது. வேறு எதற்கோ ஈசிஜி எடுக்கும்போது அகப்படும். மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால், கீழறைக்குப் போய்ச் சேரவேண்டிய ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நல்ல இதயம் இதைச் சமாளித்துவிடும். பல வருட ரத்தக்கொதிப்பில் தடித்து விறைத்துப்போன இதயத்தால் முடியாது. அதோடு நாடியும் 140, 150 என்று ஓடினால் கீழறை நிரம்பவே நேரம் கிடைக்காது. ரத்த அழுத்தம் இறங்கும், கண் இருட்டும். ஆனால் ஏ.எஃப். உள்ளவருக்கு வரும் தலைசுற்றலில் பெரும்பகுதிக்கு மாத்திரையோ, தண்ணீர்க் குறைவோ, காதோ காரணமாக இருப்பதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று, இரவில் ரோஸ் ஒன்று, அரை மாத்திரை ஒன்று. மூன்று வாரமாகத் தலை சுற்றுகிறது. எதை நிறுத்தலாம்? (சேலம்)

எதையும் நிறுத்தாதீர்கள். நிறத்தைச் சொன்னால் மருந்து தெரிந்துவிடும் என்று யார் சொன்னது? மருந்துக்கடையில் அட்டையை நாலாகக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். பெயர் அச்சிட்ட துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் கைக்கு வருவது பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத ஓரத்துத் துண்டு. முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த அரை மாத்திரை நாடியைக் குறைப்பதாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுப்பதாக இருந்தால், நிறுத்திய பிறகு பக்கவாதம் வரலாம். எது என்று தெரியாமல் நான் எப்படிச் சொல்வது? சீட்டோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே.

கைக்கடிகாரம் நாடி 58 என்கிறது, ரத்த அழுத்தக் கருவி 92 என்கிறது. எது சரி? (சென்னை)

இரண்டையும் நம்ப வேண்டாம். ஏ.எஃப்.இல் வலுவில்லாத துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேருவதில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்து, சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குத்தான் சரிவரும். கைநாடியிலும் சில துடிப்புகள் தப்பும். ஆனாலும் 45ஆ, 130ஆ என்று தெரிந்துகொள்ள அது போதும். ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

இரவு சிறுநீர் கழிக்க எழுந்தால் தள்ளாடுகிறது. மெட்டோபுரோலால், டெல்மிசார்டான், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். (தஞ்சாவூர்)

இப்படி எழுதினால் பதில் சொல்ல எவ்வளவு வசதி! மூன்றும் சேர்ந்து, நீங்கள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்குகின்றன. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தக் குறிப்பைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். அதுவரை கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழுங்கள். கழிப்பறையிலும் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள்.

என் கணவருக்கு 71 வயது, ஏ.எஃப். இருக்கிறது. போன வருடம் தலை சுற்றியபோது மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கினோம். நன்றாகக் கேட்டது, தினம் இரண்டு வேளை தொடர்கிறோம். இப்போது கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது. இதுவும் ஏ.எஃப்.இன் வேலையா? (மதுரை)

இல்லை அம்மா, மாத்திரையின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சின்னாரிசின். உள்காதுக் கோளாறுக்குக் கொஞ்ச நாள் கொடுக்க வேண்டிய மருந்து அது. வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளையில் டோபமினின் வேலையை மறித்து, பார்க்கின்சன் நோய் போலவே நடுக்கம், விறைப்பு, குறுகிய அடி வைத்து நடப்பது எல்லாவற்றையும் கொண்டுவரும். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் அள்ளிக் கொடுக்கப்படும் புரோகுளோர்பெராசினும் இதே ரகம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு முழுதாகச் சரியாவதில்லை. உடனே நரம்பியல் மருத்துவரிடம் அட்டையோடு போங்கள். அட்டையைக் காட்டாவிட்டால் நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா எழுதப்படலாம். அது எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். தலை இன்னும் சுற்றும். அதற்கு இன்னொரு மாத்திரை வரும். சீட்டில் ஆறு இருந்தது ஒன்பதாவது இப்படித்தான்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. தலை சுற்றுகிறது என்று ஒருவர் வாயைத் திறந்ததும், நாடியைத் தொட்டுப் பார்க்காமல் 'தலைசுற்றல் மாத்திரை' கொடுத்து அனுப்புகிறோம். மருந்துக்கடைக்காரரை மட்டும் சொல்லவில்லை, என் தொழிலில் இருப்பவர்களும் செய்கிறார்கள். நாடி 38இல் இருந்த ஒருவர் மாதக்கணக்கில் பீட்டாஹிஸ்டின் என்ற காதுத் தலைசுற்றல் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒரு மருத்துவர் மெட்டோபுரோலால் எழுதியிருந்தார், அதை அறியாமல் இன்னொருவர் டில்டியாசெம் சேர்த்திருந்தார். இரண்டும் நாடியைக் குறைப்பவை. ஒன்றை நிறுத்தியதும் நாடி 70க்கு வந்தது, தலைசுற்றலும் போயிற்று. காதுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் 38ஐ அது ஏற்றாது. நாடி ஒரு முழு நிமிடம், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், விரல்நுனியில் சர்க்கரை, ஓர் ஈசிஜி. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் யார் மாத்திரை கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உள்காதுதான் காரணம் என்றால் அதற்கும் அடையாளம் உண்டு. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பரணைப் பார்க்கும்போதோ அறையே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அதைக் காது மருத்துவர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்துவிடுவார்.

படபடப்பு அரை மணி நேரம் இருக்கும். அது நின்ற நொடியில் கண் இருட்டுகிறது. ஒருமுறை விழுந்தும்விட்டேன். ஈசிஜி நார்மல் என்கிறார்கள். (கோவை)

சாதாரண ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 நொடி. உங்கள் சிக்கல் அந்த 10 நொடியில் வந்து நிற்காது. ஏ.எஃப். சட்டென்று நிற்கும்போது, இயல்பாகத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சு விழித்துக்கொள்ளத் தாமதிக்கிறது. அந்த மூன்று, நான்கு, ஐந்து நொடிகள் இதயம் துடிப்பதே இல்லை. 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதியும் ஹோல்டர் கருவியில் பிடிபடாவிட்டால் ஒரு வாரம் ஒட்டிக்கொள்ளும் பட்டை இருக்கிறது. உறுதியானால் பேஸ்மேக்கர் வைப்பார்கள், அல்லது ஏ.எஃப்.ஐயே அப்லேஷனில் (கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தைக் குழாய் விட்டுச் செயலிழக்கச் செய்வது) அடக்கப் பார்ப்பார்கள். படபடப்புக்கான மாத்திரையை மட்டும் கூட்டினால் அந்த இடைவெளி நீளும். முடிவு தெரியும்வரை இரு சக்கர வாகனத்தைத் தொடாதீர்கள். விழுந்துவிட்டீர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது.

அம்மாவுக்கு 82 வயது. தலை சுற்றி இரண்டு முறை விழுந்துவிட்டார். அபிக்ஸபானை நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறார் உறவினர். (நாகர்கோவில்)

உறவினர் மருத்துவரா? அபிக்ஸபான் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. ஏ.எஃப்.இல் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் கிட்டத்தட்ட உதவாது. 2011இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களைவிட அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் குறைவு. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. விழுவதைப் பற்றியும் கணக்கு இருக்கிறது. 1999இல் கனடா மருத்துவர்கள் பழைய உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரினை வைத்துப் போட்டது: விழுவதால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும் ஆபத்து, மருந்தின் பலனை மிஞ்ச வேண்டுமானால் ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 300 முறை விழ வேண்டும். உங்கள் அம்மா இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஏன் விழுகிறார் என்று கண்டுபிடியுங்கள். மேலே மதுரை அம்மாவுக்குச் சொன்ன பத்து நிமிட வேலையிலிருந்து தொடங்குங்கள். தலையில் அடிபட்டால் மட்டும், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அன்றைக்கே சி.டி. ஸ்கேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டிகாக்சின் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு இல்லை. பத்து நாளாகக் குமட்டல், தலைசுற்றல், சாப்பாடு பிடிக்கவில்லை. (புதுச்சேரி)

நாடியைக் குறைக்கத் தரும் டிகாக்சின் உடம்பில் தேங்கியிருக்கலாம். சிறுநீரகம் மந்தமானால் வாரம் இரண்டு நாள் விடுமுறை விட்டும் தேங்கும். இன்றைக்கே மருத்துவரிடம் போய் நாடி, ஈசிஜி, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைச் சொல்வது), பொட்டாசியம் பாருங்கள். அடுத்த வேளை மாத்திரையைப் பற்றி அங்கேயே கேளுங்கள்.

திடீரென்று தலை சுற்றி வாந்தி எடுத்தார், நேராக நிற்க முடியவில்லை. பித்தம் என்று எண்ணிக் காலை வரை பொறுத்திருந்தோம். (விழுப்புரம்)

பொறுத்திருக்கவே கூடாது. ஏ.எஃப். உள்ளவருக்குத் திடீர்த் தலைசுற்றலோடு நடை ஒரு பக்கம் இழுத்தால், பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், சிறுமூளைப் பக்கம் அடைப்பு என்றே எண்ணிக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள். ஊசி போடலாமா, குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாமா என்பது அதைப் பொறுத்தது.

மலம் கறுப்பாகப் போகிறது, எழுந்தால் கிறுகிறுக்கிறது. வார்ஃபரின் சாப்பிடுகிறேன். (ஈரோடு)

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். தார் போல ஒட்டிக்கொண்டு நாறினால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏகாதசி விரதம் இருக்கலாமா? ஃபுரோசிமைடு சாப்பிடுகிறேன். (ஸ்ரீரங்கம்)

ஃபுரோசிமைடு சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை வெளியேற்றும் மாத்திரை. தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம், சித்திரை வெயிலில் நிச்சயமாக வேண்டாம். பால், பழம் சாப்பிட்டு இருப்பதானாலும் அன்றைக்கு ஃபுரோசிமைடு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசினோகூமரால் சாப்பிடுபவர் கீரையை அறவே விட வேண்டுமா? (காரைக்குடி)

வேண்டாம். இதுவும் வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்துதான். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதையே மாறாமல் சாப்பிடுங்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டிலிருந்து மூன்றுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.