கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியின் அரை சென்ட் வரி: கேள்வி பதில்

மாநில விற்பனை வரி 7.25 சதவீதம்தானே? கடை பில்லில் ஒன்பதுக்கு மேல் போடுகிறார்களே?

மேலே இருப்பது உள்ளூர் வரி. பெரும்பகுதி போக்குவரத்துக்கு. டாலருக்கு 1976, 2000, 2016 என மூன்று முறை அரை அரை சென்ட், 2008இல் பார்ட் (வளைகுடாப் பகுதியின் மெட்ரோ) ரயிலை ஓட்டுவதற்காக எட்டில் ஒரு சென்ட். எல்லாம் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றிக்கொண்டதுதான்.

2016இல் ஓட்டுக்கு வந்த அரை சென்ட், அதாவது மெஷர் பி, பணம் எதற்கெல்லாம்?

30 வருட வரி. 2017 விலைவாசிப்படி 630 கோடி டாலர் என்று கணக்கு. சான் ஹோசே பார்ட் நீட்டிப்புக்கு 150 கோடி, நகரத் தெருக்களுக்கு 120 கோடி, எக்ஸ்பிரஸ்வேக்களுக்கு 75 கோடி, சைக்கிள், நடைபாதைக்கு 25 கோடி என்று தலைப்பு வாரியாகப் பிரித்துத்தான் வாக்கெடுப்புக்கே வந்தது. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. குறிப்பிட்ட செலவுக்கென்று உள்ளாட்சி விதிக்கும் வரிக்கு அவ்வளவு ஓட்டு வேண்டும். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய வரிக் கட்டுப்பாட்டுச் சட்டமான புரொபொசிஷன் 13 போட்ட முடிச்சு அது. ஜெயித்தும் நிம்மதியில்லை. வழக்குப் போட்டார்கள், வசூலான பணம் 2019 வரை தனிக் கணக்கில் முடங்கிக் கிடந்தது.

அந்த 150 கோடியில் பார்ட் முடிந்துவிடுமா?

எங்கே! ஆறு மைல், நான்கு ஸ்டேஷன். செலவு 1,200 கோடியைத் தாண்டிவிட்டது. மத்திய அரசு 2024இல் சுமார் 510 கோடி வரை தருவதாகச் சொன்னது. உள்ளூரில் பணம் திரட்டிக் காட்டாதவரை வாஷிங்டன் பையைத் திறக்காது. அரை சென்ட்டின் உண்மையான வேலையே அதுதான். மத்திய நிதி வரவேண்டிய திட்டம், வளைகுடாப் பகுதியின் போக்குவரத்து ஆணையமான எம்டிசி ஒன்பது கவுன்டிக்கும் போடும் திட்டத்திலும் இடம்பெற வேண்டும்.

லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் குழி. சிட்டியில் சொன்னால் கண்டுகொள்ளவில்லை.

எக்ஸ்பிரஸ்வே கவுன்டியுடையது. 101, 280, 85 நெடுஞ்சாலைகள் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸுடையவை. உங்கள் வீட்டுத் தெருதான் சிட்டி. கவுன்டி சாலைத் துறையில் சொல்லுங்கள்.

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஓட்டு இல்லை. எங்களை யார் கேட்பார்கள்?

ஓட்டில்லையே தவிர வரி கட்டுகிறீர்கள், பேசவும் செய்யலாம். பணத்தைப் பிரிக்கும் விடிஏ (கவுன்டியின் போக்குவரத்து அமைப்பு) போர்டில் ஓட்டுரிமையுள்ள 12 பேரும் நகரக் கவுன்சிலர்கள், மேயர்கள், கவுன்டி சூப்பர்வைசர்கள் என மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா வெளிவந்தாக வேண்டும், அது சட்டம். யார் வேண்டுமானாலும் பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். பொதுவாகப் புலம்பாமல் அஜெண்டா எண்ணைச் சொல்லி ஆரம்பியுங்கள். கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான்.