தாலோட குதிரையும் உங்க பையனோட போனும்

வணக்கம் தம்பி,

நீங்க எழுதுறத விடாம படிக்கிற ஆளு நான், கடிதம் போடுறது இதான் மொத தடவ. பட்டர்வொர்த்துல இருக்கேன், வேலைலேருந்து ரிட்டயர் ஆயாச்சு. சனிக்கிழம ராத்திரி ஆனா நாங்க பழைய செஸ் கூட்டாளிங்க மாமாக் கடையில உக்காருவோம், ரெண்டு போர்டு, ஆளுக்கொரு தே தாரிக், ஆட்டத்த விட பேச்சுதான் ஜாஸ்தி. 1974-ல பினாங்குல மொத ஆசியக் குழு செஸ் போட்டி நடந்தப்ப பள்ளிக்கூட யூனிஃபார்மோட போயி எட்டிப் பாத்தவங்க எங்க கூட்டத்துல இன்னும் இருக்காங்க. போன வாரம் பேச்சு பழைய சோவியத் உலக சாம்பியன் மிகயில் தால் பக்கம் திரும்பிருச்சு. ஒருத்தரு கருப்புக் கண்ணாடி கதைய எடுத்தாரு, இன்னொருத்தரு நீர்யானை கதைய எடுத்தாரு, தால் கண்ணால பாத்தே எதிராளிய கட்டிப் போட்டுருவாருன்னு நான் சொன்னேன். அன்னிக்கி என்னைக் கூட்டிட்டுப் போக வந்த எம்பையன் (பாயான் லெப்பாஸ்ல இஞ்சினியர்) எல்லாத்தையும் கேட்டுட்டு சிரிச்சான். போன எடுத்து தாலோட ஆட்டங்கள ஒண்ணொண்ணா இஞ்சின்ல, அதான் மூவு சரியா தப்பான்னு சொல்ற செஸ் ப்ரோக்ராம்ல, போட்டான். கேள்விக்குறியா வருது தம்பி, பெரிய பெரிய மூவுக்கெல்லாம். "அப்பா, உங்காளு பாதி நேரம் தப்பாத்தான் ஆடிருக்காரு, எதிர்ல இருந்தவங்க பயந்துட்டாங்க, அவ்ளோதான்"ன்னுட்டான். கடையில யாருக்கும் பதில் சொல்ல வரல. நாங்க இத்தன வருஷமா ஏமாந்துதான் இருக்கோமா? அந்தக் கதைங்கள்ல எது நெசம்?

(பேரு போட வேணாம் தம்பி, பையன் படிப்பான்.)

அண்ணே, வணக்கம்.

பையன் மேல கோவப்படாதீங்க, அவரு சொன்னதுல பாதி சரி. தாலோட சாக்ரிஃபைஸ், அதாவது வேணும்னே காய பலி குடுக்குறது, நெறைய இஞ்சின் முன்னாடி தேறாது, அது அவரு உயிரோட இருந்தப்பவே மத்த கிராண்ட்மாஸ்டருங்க வீட்ல உக்காந்து ஆராஞ்சு கண்டுபுடிச்ச விஷயம்தான், போன் வந்துதான் தெரியணும்னு இல்ல. ஆனா "எதிர்ல இருந்தவங்க பயந்துட்டாங்க, அவ்ளோதான்"ங்கிறாரு பாருங்க, அந்த "அவ்ளோதான்" எடத்துலதான் எனக்கு அவரோட சண்ட.

ஒரே ஒரு ஆட்டத்த எடுத்துக்குவோம். 1960, மாஸ்கோ, புஷ்கின் தியேட்டர், உலகப் பட்டத்துக்கான போட்டி. ஒரு பக்கம் போட்வின்னிக், 48 வயசு, உலக சாம்பியன். இந்தப் பக்கம் ரீகாவுலேருந்து வந்த 23 வயசு தால். மொத ஆட்டத்த தால் ஜெயிச்சாச்சு, அடுத்த நாலும் டிரா, இது ஆறாவது. கருப்புக் காய் தாலுக்கு. 21-வது மூவுல குதிரைய கொண்டு போயி எஃப்4 கட்டத்துல வைக்கிறாரு, சும்மா சிப்பாய் வந்து சாப்டுட்டுப் போகலாம், அப்படி ஒரு எடம். மண்டபத்துல ஒரே எரைச்சல், ஆளாளுக்கு எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க, கடைசில ரெண்டு பேரையும் உள்ள ஒரு ரூமுக்கு மாத்தி அங்க வச்சு ஆட்டத்த தொடர வேண்டியதாப் போச்சு. போட்வின்னிக் குதிரைய சாப்டாரு, தால் ராணிய பி2-க்குள்ள விட்டாரு, போட்வின்னிக் யானைய நகத்தி அந்த ராணிக்கு குறி வச்சாரு, தால் ராணிய அப்டியே விட்டுட்டு சிப்பாய எஃப்3-க்குத் தள்ளுனாரு. இப்ப போட்வின்னிக் என்ன செய்யணும்? எஃப்3-ல நிக்கிற அந்த சிப்பாய மொதல்ல பிஷப்பால சாப்டணும். அத சாப்டிருந்தா தாலுக்குத்தான் தலவலி. ஆனா அவரு கண்ணு முன்னாடி ராணி நிக்குது, யானையால ராணிய எடுத்துட்டாரு, அந்த சிப்பாய் நேரா போயி வெள்ளை ராணிய சாப்டுச்சு, அங்கேருந்து ஆட்டம் தால் கைக்குப் போயிருச்சு.

பையன் போன்ல 21-வது மூவுக்கு கேள்விக்குறி வந்திருக்கும், 25-வது மூவுக்கும் வந்திருக்கும். அத வச்சு ஒருத்தர் தப்பா ஆடுனாரு, இன்னொருத்தர் அத விட தப்பா ஆடுனாருன்னு முடிச்சுட்டா வேல சுலபம். ஆனா அந்த குதிரை வந்து உக்காந்த நிமிஷத்துலேருந்து போட்வின்னிக் யோசிக்க வேண்டிய விஷயம் அதுவரைக்கும் இருந்தத விட பல மடங்கு ஆயிருச்சு, நேரம் மட்டும் அதேதான், கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு, வெளிய சத்தம் வேற. இஞ்சினுக்கு கடிகாரமும் இல்ல, சத்தமும் இல்ல, தோத்தா ஊருக்குத் திரும்பிப் போயி மூஞ்சிய காட்ட வேண்டியதும் இல்ல. தால் ஆடுனது அந்த நாற்காலில உக்காந்திருந்த மனுஷனோட, அந்த மனுஷனுக்கு எது கஷ்டம்னு கணக்குப் பண்ணி. அது குருட்டு அதிர்ஷ்டம் கிடையாதுண்ணே.

இன்னொண்ணு, பையன் இஞ்சினியர்ங்கறதால சொல்றேன், போட்வின்னிக்கும் இஞ்சினியர்தான், எலக்ட்ரிக்கல். பின்னாடி வருஷக்கணக்கா கம்ப்யூட்டருக்கு செஸ் சொல்லித் தர்ற வேலைல எறங்குனவரு. அதாவது இன்னிக்கி பையன் கைல இருக்கற போனுக்கு ஒரு வகையில தாத்தா மொற. அந்தப் போட்டில 12½-க்கு 8½-ன்னு தால்கிட்ட தோத்தாரு, தால் உலக சாம்பியன் ஆனாரு, போட்வின்னிக் வீட்டுக்குப் போயி ஒரு வருஷம் தாலோட ஆட்டத்த அக்குவேறா பிரிச்சுப் பாத்தாரு, சிக்கல் வராத மாதிரி, ராணிங்கள சீக்கிரம் மாத்திக்கிற மாதிரி ஆட்டங்களுக்கு இழுத்தாரு. 1961 மறுபோட்டில 13-க்கு 8, பட்டத்த திரும்ப வாங்கிட்டாரு. தாலுக்கு அப்ப ஒடம்பும் சரியில்ல. தாலுக்கு மறுப்பு வேணும்னா அதான் உண்மையான மறுப்பு, ஒரு மேதைக்கு ஒரு வருஷம் ஆச்சு.

சரி, கதைங்களுக்கு வரேன். கருப்புக் கண்ணாடி நடந்ததுதான். 1959 கேண்டிடேட்ஸ் போட்டி (உலக சாம்பியனோட மோதப் போறது யாருன்னு முடிவு பண்றது), யூகோஸ்லாவியா. பெங்கோங்கிற ஆட்டக்காரர் தாலோட பார்வைக்குப் பயந்து, இல்ல வெளாட்டுக்கோ, கருப்புக் கண்ணாடி மாட்டிட்டு வந்து உக்காந்தாரு. தாலும் பாக்கெட்லேருந்து ஒரு பெரிய கண்ணாடிய எடுத்து மாட்டுனாரு, கூட ஆடுன பெட்ரோசியன்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கி வச்சிருந்தது. மண்டபமே சிரிச்சுச்சு, பெங்கோவும் சிரிச்சாரு. ஆனா கண்ணால கட்டிப் போடுறாருன்னு நீங்க சொன்னீங்களே, மன்னிக்கணும், அத நான் ஒத்துக்க மாட்டேன். அதே போட்டில ஆடுன கேரஸ்கிட்ட தாலோட கணக்கு என்ன தெரியுமா? நாலு ஆட்டத்துல மூணு பாயிண்ட் கேரஸுக்கு, ஒண்ணு தாலுக்கு. கேரஸ் கண்ணாடியெல்லாம் போட்டுட்டு வரல. மந்திரக் கண்ணுன்னா அது ஆளு பாத்தா வேல செய்யும்?

நீர்யானை கதை இன்னும் ருசி, ஏன்னா அத சொன்னதே தால்தான். வஸ்யுகோவ்னு ஒருத்தரோட ஆட்டம், குதிரைய தியாகம் பண்ணலாமா வேணாமான்னு கெளை கெளையா யோசிச்சுட்டு இருக்கறப்ப, சின்னப் புள்ளைங்க பாட்டுல வர்ற ஒரு வரி மண்டைக்குள்ள வந்து உக்காந்துக்குது, சேத்துல மாட்டுன நீர்யானைய வெளிய இழுக்குறது எம்புட்டு கஷ்டம்னு. அவ்ளோதான், போர்ட மறந்துட்டு நீர்யானைய எப்புடி இழுக்குறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு, ஜாக்கி, நெம்புகோல், ஹெலிகாப்டர், கயித்து ஏணி வரைக்கும் போயி பாத்துட்டு, சரி முழுகட்டும்னு விட்டுட்டாரு. நீர்யானை போனதும் போர்டு தெளிவாயிருச்சாம், குதிரைய மனசு சொன்னபடி குடுத்துட்டாரு. மறுநாள் பேப்பர்ல, தால் 40 நிமிஷம் கவனமா கணக்குப் போட்டு துல்லியமா தியாகம் பண்ணாருன்னு செய்தி.

இது நெசமான்னு கேட்டா, சொன்ன ஆளு யாருன்னு பாக்கணும். தால் பல்கலைக்கழகத்துல படிச்சது இலக்கியம், ஆய்வு எழுதுனது நையாண்டி எழுத்தாளருங்க ரெண்டு பேரப் பத்தி, ரீகாவுல செஸ் பத்திரிகைக்கு பத்து வருஷம் ஆசிரியர். தன்னோட ஆட்டங்களப் பத்தி எழுதுன புத்தகத்துல பத்திரிகைக்காரரும் அவரே, பதில் சொல்ற ஆட்டக்காரரும் அவரே. அப்டிப்பட்ட ஆளு சொல்ற கதைல கொஞ்சம் மசாலா இல்லாமலா இருக்கும்? நீர்யானை வந்திருக்கும், ஹெலிகாப்டர் பேனா எடுத்ததுக்கு அப்பறம் வந்திருக்கலாம், இது என் சந்தேகம். நம்ம ஆளுங்க மாமாக் கடையில சேத்த மசாலாவுக்கு முன்னாடி அவரே தாளிச்சுதான் குடுத்திருக்காரு.

எனக்கு மனத்தாங்கல் வேற எடத்துல. தால்னா நாம சொல்றது எல்லாம் 1959, 60, கண்ணு, புகை, குதிரை. 1973 அக்டோபர்லேருந்து 1974 அக்டோபர் வரைக்கும் அவரு 95 ஆட்டம் தோக்காம ஆடுனாரு, 46 வெற்றி, 49 டிரா. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி 86 ஆட்டம் தோக்காம ஒரு ஓட்டம். ஒரு கிட்னிய எடுத்தாச்சு, சிகரெட்ட விடல, அப்பவும். அந்த 95-அ தாண்ட 2018-ல சீனாக்காரர் டிங் லிரென் வர வேண்டியிருந்துச்சு. உங்க கூட்டாளிங்க பினாங்குல யூனிஃபார்மோட நின்னு ஆசியப் போட்டிய எட்டிப் பாத்தாங்களே, அதே வருஷம் தால் தோக்காம போயிட்டே இருந்தாரு. பயமுறுத்தி, ஏமாத்தி, தப்பா ஆடி ஒரு வருஷம் தோக்காம இருக்க முடியுமா? இத யாரும் டேபிள்ல சொல்றதில்ல, ஏன்னா தோக்காம இருந்ததுல கதை இல்ல, நெறைய டிரா, யாரு கேப்பா. பையன் சிரிச்சதுக்கு பாதி காரணம் நாமதாண்ணே, நாம அவருகிட்ட குடுத்தது மந்திரவாதிய, அவரு மந்திரவாதிய சோதிச்சுப் பாத்தாரு.

மத்த கதைங்க ரெண்டு மூணு சேத்து வச்சுக்குங்க, மசாலா தேவைப்படாதது. 1959-ல தால்கிட்ட நாலுக்கு நாலு தோத்த ஃபிஷர் (பின்னாடி உலக சாம்பியன் ஆனவரு), 1962-ல குரசாவ் போட்டி நடுவுல தால் கிட்னி நோவால ஆஸ்பத்திரில கெடந்தப்ப போயி பாத்தாரு. 1988-ல 51 வயசுல கனடாவுல உலக பிளிட்ஸ் (சில நிமிஷத்துல முடியுற வேக ஆட்டம்) பட்டம் வாங்குனாரு தால். 1992 மே மாசம், ஆஸ்பத்திரிலேருந்து எழுந்து வந்து மாஸ்கோ பிளிட்ஸ் போட்டில அப்ப உலக சாம்பியனா இருந்த கேஸ்பரோவையே ஒரு ஆட்டம் ஜெயிச்சாரு. ஜூன் 28 எறந்துட்டாரு, 55 வயசு.

நம்ம பக்கத்து சங்கதி ஒண்ணு. சென்னைல சோவியத் கலாச்சார மையத்துல 1972-ல மானுவல் ஆரோன் ஆரம்பிச்ச கிளப்புக்கு தால் பேருதான் வச்சாங்க. ஆரோன்னா இந்தியாவோட மொத இண்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழ), 1962-ல ஸ்டாக்ஹோம்ல போர்ட்டிஷ், ஊல்மன்னு ரெண்டு பெரிய கிராண்ட்மாஸ்டருங்கள ஜெயிச்சவரு. அந்த தால் கிளப்புலதான் ஆனந்த் சின்னப் பையனா போயி ஆடுனது. ஜெயிச்சவன் உக்காந்திருப்பான், தோத்தவன் எழுந்து வரிசைல நிக்கணும், ஆனந்துக்கு அந்த வேகம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா நான் அந்த வரிசையத்தான் காட்டுவேன்.

வர்ற சனிக்கிழம பையன கூட்டிட்டு வாங்க. 21-வது மூவுக்கு முந்துன பொசிஷன போர்டுல வைங்க, வெள்ளை அவருக்கு, கருப்பு உங்கள்ல நல்லா ஆடுறவருக்கு. கடிகாரத்துல ஆளுக்கு 20 நிமிஷம், போன் மாமாக் கடை கல்லாவுல. உங்காளு குதிரைய எஃப்4-ல வைக்கட்டும், மத்தவங்க எல்லாரும் மாஸ்கோ மாதிரியே சத்தம் போடுங்க, அதுக்கு நம்மாளுங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. அதுக்கப்பறம் எஃப்3 சிப்பாய பையன் எதால எடுத்தாரு, எடுத்தாரா இல்லையான்னு எனக்கு எழுதுங்க. ஒரே ஒரு நிபந்தன, இந்த பதில அவரு அதுக்கு முன்னாடி படிச்சிரக் கூடாது, வெடைய மேலயே சொல்லிட்டேன்.