வேலையாள் தெரியாமல் செய்த தவறுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா? முதலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் பத்து இருபது பேரை வைத்து ஏதோ யூனிட் நடத்துகிறீர்கள், இந்த வாரம் யாரோ ஒருத்தன் பெரிதாகச் சொதப்பிவிட்டான், உங்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என் ஊகம் தப்பென்றால் மன்னியுங்கள். திருப்பூரில் துணி வாங்கி வெட்டித் தைத்துக் கொடுக்கும் யூனிட் பதினோரு வருடமாக நடத்துகிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றேன்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எல்லோரும் 1979இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்ததையும், அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு கலாமைக் காப்பாற்றியதையும்தான் சொல்வார்கள். நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே போனது அரசாங்கப் பணம். இங்கே துணி வீணானால் சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கே நான் கை பிசைய வேண்டும். அதனால் ராக்கெட்டை விட்டுவிட்டு பனியன் துணியிலேயே சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஆர்டர். லைக்ரா சிங்கிள் ஜெர்சி (இழுத்தால் நீளும் பனியன் துணி), 190 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 190 கிராம், முப்பது ரோல், கிட்டத்தட்ட 600 கிலோ. மூவாயிரத்துச் சொச்சம் டி-ஷர்ட். காம்பாக்டிங், அதாவது துணி பிறகு அதிகம் சுருங்காதபடி அழுத்துகிற வேலை, முடிந்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் துணி வந்தது. பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். பிரித்து மடித்துப் போட்டு ஆற விட்டால்தான் அந்த இழுவை போகும். லைக்ராவுக்கு நாங்கள் 24 மணி நேரம் விடுவோம். பிரித்த கையோடு லே போட்டு, அதாவது அடுக்கடுக்காக விரித்து, வெட்டினால், கத்தி பட்டதும் பீஸ் உள்வாங்கிக்கொள்ளும். இது கட்டிங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், அன்று வெட்டிய பையனுக்கும் தெரியும். மாஸ்டர் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்குக் கையாளாக இருந்த தாராபுரத்துப் பையன், ராத்திரி பிரித்துப் போட்டது போதும் என்று நினைத்து விடியற்காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டான்.

ஆறே முக்காலுக்கு போன்.

"அண்ணா, அளவட்டை வெச்சுப் பாத்தனுங்ணா. பீஸ் ஒரு விரக்கடை கம்மியா வருதுங்ணா."

"எத்தன ரோலுடா?"

"நாலு ரோலு வெட்டியாச்சுங்ணா. பாத்ததும் நிறுத்திட்டனுங்ணா."

பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். "கண்ண எங்கடா வெச்சிருந்த" என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாததெல்லாம் கத்தினேன். அவன் போனை வைக்கவில்லை. திட்டி முடிக்கும் வரை "ஆமாங்ணா, ஆமாங்ணா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்டியில் போகும்போது காங்கயம் ரோட்டில் ஒரு டீக்கு நிறுத்தினேன். அப்போதுதான் உறைத்தது. முந்தின ராத்திரி துணியை இறக்கும்போது "காலைல எட்டு மணிக்கு லைனுக்குப் பீஸ் வேணும், நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது" என்று சொன்னது நான். தப்பு ஐந்து மணிக்கு நடக்கவில்லை, பதினோரு மணிக்கே நடந்துவிட்டது.

இன்னொன்று, அவன் நாலாவது ரோலில் நிறுத்தியிருந்தான். அதனால் என்ன ஆனது என்று கணக்காகச் சொல்கிறேன். எக்ஸ்எல் பீஸை எல் அட்டை வைத்துத் திரும்ப வெட்டினோம், எல்லை எம் ஆக்கினோம், எம்மை எஸ் ஆக்கினோம். எஸ் சைஸ் மட்டும் எதற்கும் ஆகாமல் வேஸ்ட், எழுபது பீஸ் இருக்கும். வழக்கமாகப் போடும் 3 சதவீத எக்ஸ்ட்ரா கட்டிங்கில் அது அடங்கிவிட்டது. குறைந்த சைஸ்களை மிச்சமிருந்த இருபத்தாறு ரோலில் ரேஷியோவை (எந்த சைஸ் எத்தனை என்ற கணக்கை) மாற்றிப் போட்டுச் சரிக்கட்டினோம். எல்லாம் ஒரே தடவையில் சாயம் போட்ட லாட் என்பதால் நிறம் மாறுகிற ஷேடு பிரச்சினை வரவில்லை. அவன் பயந்துகொண்டு முப்பது ரோலையும் வெட்டியிருந்தால் அந்த ஷேடில் ஒரு முழம் துணி மிச்சமிருந்திருக்காது. திரும்பச் சாயம் போட்டு, அப்ரூவல் வாங்கி... சொல்லவே வேண்டாம்.

சம்பளத்தில் பிடிக்கவில்லை. எனக்கும் ஒரு பழைய கடன் இருந்தது.

2004இல் நான் வேலை செய்த கம்பெனியில் வெட்டிய பீஸுக்கு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஒரு நாள் எல் பண்டிலுக்கு எம் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். சாயங்காலம் ஸ்டிக்கர் ரோல் மீதி கணக்கு உதைக்கும்போதே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் லே தப்பாக வெட்டிய ஒருத்தனை ஓனர் நாள் முழுக்க கேட்டில் நிற்க வைத்து, ஒரு வாரச் சம்பளத்தையும் நிறுத்தியிருந்தார். அந்தப் பீஸ் பவர் டேபிளுக்கு, அதாவது தையல் லைனுக்கு, போனது, எம் லேபிள் வைத்துத் தைத்து, அயர்ன் பண்ணி, பெட்டியில் போய் உட்கார்ந்தது. பையரின் க்யூ.சி. (தரம் பார்க்கிற ஆள்) வந்து டேப் வைத்து அளந்தபோது மாட்டியது. எல்லாப் பெட்டியையும் உடைத்தார்கள். பழி கடைசி செக்கிங் அக்கா மேல் விழுந்தது. "அளவு பாக்காம என்னம்மா செக்கிங்?" மத்தியானம் எனக்கு ஊறுகாய் தருகிற அக்கா. அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. நான் எட்டடி தள்ளி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருடம் ஆகிவிட்டது, இதை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?" என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவனை அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறேன். சொன்ன பிறகும் மூன்றாவது தடவை அதையே செய்தவனை டேபிளை விட்டு மாற்றியிருக்கிறேன். துணி திருடியவனைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் மகான் இல்லை.

தையல் யூனிட்டில் உடைந்த ஊசி ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்தி, எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. உடைந்த ஊசிக்குக் காசு பிடிக்கிற கம்பெனிகளும் உண்டு. அங்கே டெய்லர்கள் பையில் சொந்த ஊசி வைத்திருப்பார்கள். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கும், துண்டு குழந்தைச் சட்டைக்குள் இருக்கும். மெட்டல் டிடெக்டரில் மாட்டினால் உங்கள் நல்ல நேரம்.

சட்டம் கேட்டிருந்தால் இதுதான். முன்பு இருந்த 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி ஒரு சம்பளக் காலத்தில் அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தவணையாகவும் பிடிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே 3 சதவீதம்தான். அவன் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவன் அசட்டையால் கெட்டதென்றால் அந்த நஷ்டத்தைப் பிடிக்கலாம், அதற்கும் முதலில் அவன் தரப்பைக் கேட்க வேண்டும். 15,000 வாங்குகிறவனுக்கு அபராதம் 450 ரூபாய். அந்த 450 ரூபாய்க்குத்தான் அடுத்த தப்பை உங்களிடம் சொல்லவிடாமல் ஒருத்தன் வாயை அடைக்கிறீர்கள்.

எங்கள் தலையில் பையர் கட்டுகிற டெபிட் நோட்டுக்கு (எங்கள் பில்லில் கழித்துக்கொள்கிற தொகைக்கு) மட்டும் இந்த 3 சதவீதமெல்லாம் கிடையாது. ஒரு நூல் தொங்கினால் டெபிட், ஒரு நாள் தாமதித்தால் டெபிட். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006லிருந்து சட்டம் இருக்கிறது. எனக்கு ஐந்து மாதமாக வராத பில் ஒன்று மேஜையில் கிடக்கிறது. வட்டி கேட்டுப் பாருங்கள், அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு ரோலிலும் பிரித்த நேரத்தை எழுதி ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். நேரம் ஆகாமல் கத்தி வைக்கக் கூடாது, நானே வந்து சொன்னாலும் வைக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

போன தீபாவளிக்கு முன்பு ஒரு அவசர ஆர்டர். மத்தியானம் ஓடிவந்து "போதும்டா, வெட்டு" என்றேன். அந்தப் பையன்தான் இப்போது டேபிளில் மாஸ்டர். ஸ்டிக்கரில் விரலை வைத்தான். "சாயந்தரம் ஆறு மணிக்குத்தானுங்ணா." எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சரக்கு ஒரு நாள் தாமதம். அதற்கும் டெபிட் போட்டார்கள்.