போஸ்ட்டாக் தேடல்: பதில் வராத மெயில்கள்

கேள்வி: மின்வேதியியலில் பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், வைவா (வாய்மொழித் தேர்வு) பாக்கி. ஐரோப்பாவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடி நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியும் ஒரு பதில்கூட இல்லை. எங்கே தவறு? – வாசகி, காரைக்குடி

பதில்: பெயரை மட்டும் மாற்றி ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்பினால், படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பெண் பேராசிரியருக்கும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றே போய்ச் சேரும்.

அதைவிடப் பெரிய காரணம் பணம். நிதி கையில் இருப்பவர்தான் ஆள் எடுக்க முடியும். அது யாரிடம் இருக்கிறது என்பதை எழுதும் முன்பே பார்த்துவிடலாம். ஜெர்மனிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், ஐரோப்பிய ஒன்றிய நிதிக்கு கோர்டிஸ். நிதி பெற்ற ஆய்வுத் திட்டங்களைப் பட்டியலிடும் இந்தத் தளங்களில் உங்கள் துறைச் சொல்லைப் போட்டுத் தேடி, அண்மையில் தொடங்கிய திட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஸ்டார்டிங் கிராண்ட் (தொடக்கநிலை ஆய்வாளருக்கான நிதி) பெற்றவருக்கு 5 ஆண்டுகளில் 15 லட்சம் யூரோ வரை கிடைக்கிறது. அவர் புதிதாகக் குழு சேர்க்கும் நேரம் அது. முடியும் தறுவாயில் உள்ள திட்டத்துக்கு எழுதுவது வீண்.

பத்துப் பேருக்கு எழுதுங்கள், போதும். மெயில் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். சப்ஜெக்ட் வரியில் துறையும் நீங்கள் சேரக்கூடிய மாதமும் இருக்கட்டும். ‘உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். ‘உங்கள் சோடியம் அயனிக் கலத்தில் 200 சுழற்சிக்குப் பின் கொள்ளளவு குறைவது எந்த மின்முனையால் என்பதை, நான் செய்துவரும் இம்பிடன்ஸ் அளவீட்டால் பிரித்துப் பார்க்கலாம்’ என்று எழுதிப் பாருங்கள், நின்று படிப்பார். இரண்டு பக்க சிவி, ஒரே பிடிஎஃப். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு சரி.

கூடவே ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கும் தயாராகுங்கள். உங்களை ஏற்கும் பேராசிரியரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் முடியும். கடைசித் தேதிக்குள் வைவா முடிந்திருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. பேராசிரியரை ஆகஸ்டில் தேடினால் நடக்காது; பல பல்கலைக்கழகங்கள் வசந்த காலத்திலேயே சேர விரும்புவோரிடம் விருப்பக் கடிதம் கேட்டு ஆளைத் தேர்ந்துவிடுகின்றன. அதற்கான அழைப்புகள் ஐரோப்பிய ஆய்வுப் பணிகளுக்கான யூராக்ஸெஸ் தளத்தில் வரும்; மார்ச் முதல் பாருங்கள். வைவா முடிந்த கையோடு ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டையும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் போஸ்ட்டாக்குக்கு ஓரிடத்தில் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) தருகிறார்கள், இன்னோரிடத்தில் ‘டிவி-எல் 13’ (மாநிலப் பொதுத்துறை ஊதிய விகிதம்) வேலை ஒப்பந்தம். எதை ஏற்பது? – வாசகர், கோவை

பதில்: ஒப்பந்தத்தை. பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். அந்தப் பிடித்தத்தில் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் அடக்கம். ஏறத்தாழ அதே அளவை வேலை தருபவரும் கட்டுகிறார். ஸ்டைபெண்டில் ஓய்வூதியம் சேராது, காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: 100 சதவீதப் பணியிடமா, பகுதிநேரமா? சம்பளம் அந்த விகிதத்தில்தான் வரும். ஒப்பந்தக் காலத்தையும், நீட்டிப்பு எந்த நிதியை நம்பியிருக்கிறது என்பதையும் மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வந்திருக்கும் ஸ்டைபெண்ட், ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் ஹம்போல்ட் ஃபெலோஷிப்பாக இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அதன் மதிப்பு வேறு; குடும்பத்துக்கான உதவித்தொகையும் ஜெர்மன் மொழி வகுப்பும் அதில் உண்டு.