ஓட்டுக்கு ஒரு தகுதித் தேர்வா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் அந்நாட்டுக் குடியுரிமைத் தேர்வுக்காக நாடாளுமன்றமான காங்கிரஸ், அதன் மேலவையான செனட், உச்ச நீதிமன்றம் என்று 128 கேள்விகளை உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இதில் தேற மாட்டார்களாமே? அப்படியானால் எல்லோருக்கும் இதே தேர்வை வைத்து, தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று ஆக்கினால் அந்நாட்டு அரசியல் உருப்படுமல்லவா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகளைப் பற்றிய கவலை வேண்டாம். அதிகாரி எதிரே அமர்ந்து வாய்மொழியாகக் கேட்கப்போவது 20 கேள்விகள். 12க்குச் சரியாக விடை சொன்னால் போதும். முதல் முறை தவறினாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அங்கே பிறந்தவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான். உட்ரோ வில்சன் பெயரிலான அறக்கட்டளை ஒன்று 2018இல் நடத்திய ஆய்வில், இந்தத் தேர்விலிருந்து எடுத்த கேள்விகளுக்கு விடை தந்து தேறும் நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான்.

ஆனால் ‘தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. படித்தவனுக்கே ஓட்டு என்ற வாதத்தோடு இந்தப் பக்கத்தில் நான் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இப்போதும் நிற்கிறேன். ஏனென்றால், நீங்கள் புதிதாகச் சொல்வதாக நினைக்கும் இந்த யோசனையை அமெரிக்கத் தென் மாநிலங்கள் முக்கால் நூற்றாண்டுக் காலம் நடைமுறையிலேயே வைத்திருந்தன.

1890இல் மிசிசிப்பி மாநிலம் தனக்கென எழுதிக்கொண்ட அரசமைப்பில், ஓட்டுரிமை கேட்டு வருபவர் அந்த அரசமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைப் படித்துக் காட்ட வேண்டும், அல்லது பிறர் படிக்கக் கேட்டுப் பொருத்தமான விளக்கம் தர வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. அதில் மொத்தம் 285 பிரிவுகள். எந்தப் பிரிவை யாரிடம் கொடுப்பது என்பதையும், சொன்ன விளக்கம் பொருத்தமா இல்லையா என்பதையும் முடிவு செய்தவர் வாக்காளர் பதிவாளர் ஒருவரே. வெள்ளையருக்கு ஒற்றை வரிப் பிரிவும், கறுப்பின ஆசிரியருக்கு வழக்கறிஞரே திணறும் பிரிவும் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. 1898இல் லூசியானா இன்னும் வெளிப்படையாகவே நடந்துகொண்டது: 1867 ஜனவரி 1 அன்று ஓட்டுரிமை பெற்றிருந்தவருக்கும் அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் தேர்வே வேண்டாம் என்றது. கறுப்பினத்தவருக்கு அந்தத் தேதியில் அங்கே ஓட்டே கிடையாது. 1896இல் அந்த மாநிலத்தில் 1,30,000க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1900இல் 5,320 ஆகக் குறைந்தார்கள். நான்கு ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டமே அரசாங்கத்தைப் பற்றிய அறிவை இழந்துவிட்டதா என்ன?

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணியின் கதையை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 20 பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைக்குட்டி. தன்னைப் போன்றவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்பதே 44 வயதில், ஒரு தேவாலயக் கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிய வந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று அவரும் இன்னும் 17 பேரும் வாக்காளராகப் பதிவு செய்ய ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். விண்ணப்பத்தில் யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்றும் எழுதித் தர வேண்டும். அதாவது, யார் பதிவு செய்ய வந்தார் என்ற செய்தி முதலாளியின் காதுக்குப் போய்விடும். ஹேமரிடம் கொடுக்கப்பட்டது 16ஆம் பிரிவு: செய்து முடித்த செயலைப் பின்னாளில் குற்றமாக்கும் சட்டங்களைப் பற்றியது. அதை எழுதி, விளக்கமும் தரச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. திரும்பும் வழியில், பேருந்தின் நிறம் பள்ளிப் பேருந்தின் மஞ்சளைப் போல இருக்கிறது என்று சொல்லிக் காவல்துறை ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. அன்று இரவே பண்ணை முதலாளி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு என்றார். ஹேமர் வெளியேறினார். 1963 ஜனவரியில் மறுபடியும் எழுதித் தேறினார். தேறிய பிறகு ஓட்டுப் போடப் போனபோது, ஓட்டுப் போடுவதற்கென்றே வசூலித்த வாக்கு வரியைக் கட்டிய ரசீதுகள் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

மக்களுக்கு அறிவு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அந்த அறிவு எப்படி வந்தது என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957இல் ஒரு கடையின் பின்னறையில் இரவுப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதற்குத் திட்டம் வகுத்தவர்களில் ஒருவர் செப்டிமா கிளார்க். கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக ஆசிரியர் வேலையை இழந்தவர். பாடம் எடுத்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியப் பயிற்சி பெற்றவரே அல்ல, அழகுநிலையம் நடத்தியவர். அவர் பாடப் புத்தகத்தோடு வரவில்லை. என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களையே கேட்டார். பைபிள் படிக்க, மணியார்டர் படிவம் நிரப்ப, தேர்தல் சட்டத்தைப் படிக்க என்று அவர்கள் சொன்னார்கள், அதையே கற்பித்தார். அந்தப் பள்ளிகள் பின்னர் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. ஓட்டு என்ற ஒன்று கைக்கு எட்டும் என்ற நம்பிக்கை வந்ததும், பகலெல்லாம் வேலை செய்த மனிதர்கள் இரவில் வந்து உட்கார்ந்து சட்டம் படித்தார்கள். நீங்கள் சொல்வதோ, முதலில் படி, பிறகு ஓட்டைப் பற்றிப் பேசலாம் என்கிறது.

அப்படியானால் உங்கள் மகளுக்கு மட்டும் தேர்வு ஏன் என்று கேட்கலாம். அந்தத் தேர்வை நான் எதிர்க்கவில்லை. கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே அச்சாகி எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. எதிரே இருக்கும் அதிகாரி தன் விருப்பப்படி புதுக் கேள்வி கேட்க முடியாது. 65 வயதைக் கடந்து 20 ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்புரிமையோடு வாழ்ந்தவர்கள் குறைந்த கேள்விகளைப் படித்து, தாய்மொழியிலேயே விடை சொல்லலாம். இண்டியனோலாவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்து அந்தத் தேர்வுகளை நிறுத்தியது. அதற்கு முன் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை; 1967இல் அது 60ஐ நெருங்கிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் மாறியது அவர்களுடைய அறிவு அல்ல.

மகள் படிக்கும் பட்டியலில், யார் ஓட்டுப் போடலாம் என்பது குறித்த நான்கு அரசமைப்புத் திருத்தங்களில் ஒன்றைச் சொல்லச் சொல்லும் கேள்வி ஒன்று இருக்கும். இனம் தடையல்ல, பெண் என்பது தடையல்ல, வரி கட்டாதது தடையல்ல, 18 வயது போதும் என்பவையே அந்த நான்கு. படிப்பைத் தகுதியாக்கக் கூடாது என்று ஐந்தாவதாக ஒரு திருத்தம் இல்லை. எழுத்தறிவுத் தேர்வுக்கு நாடு முழுவதும் 1970இல் தற்காலிகமாகவும் 1975இல் நிரந்தரமாகவும் தடை விதித்தது காங்கிரஸ் இயற்றிய சாதாரணச் சட்டம். அதை இன்னொரு காங்கிரஸ் இன்னொரு சட்டத்தால் நீக்கிவிட முடியும். அதனால்தான் உங்கள் யோசனைக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத வேண்டியதாயிற்று.