நட்சத்திரங்களுக்கு நடுவுல வாயு இருக்குன்னா, தூரத்து வெளிச்சத்தை அது மறைக்காதா?

நான் இருக்கறது டெல்லி மயூர் விஹார்ல. இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை எங்க பால்கனியே சொல்லிடும். ஜூலைல மழை விட்டதும் எதிர் சொசைட்டி தண்ணி டேங்க், அது மேல உக்காந்திருக்கற புறா வரைக்கும் தெரியும். நவம்பர்ல டேங்கே காணாமப் போயிடும், சாயங்கால சூரியன் தக்காளி மாதிரி செக்கச்செவேல்னு தொங்கும். நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் ரெண்டு மாசமும் அதேதான், மறைக்கறது தூசும் புகையும்.

கேலக்ஸிலயும் அப்படித்தான். நடுவுல இருக்கறதுல எடைக்கணக்குல 99 பங்கு வாயு, தூசு ஏதோ 1 பங்கு, ஆனா வெளிச்சத்தைத் தின்னுறது அந்த 1 பங்குதான். அதுவும் நீலத்தை அதிகமா, சிவப்பைக் கம்மியா, அதனால தூரத்து நட்சத்திரம் மங்குறதோட சிவந்தும் தெரியும். 1930ல டிரம்ப்ளர்ங்கற வானியலாளர் நட்சத்திரக் கொத்துகளை அளந்து இதைக் காட்டுனாரு, அதுவரைக்கும் மங்கலா இருந்தா ரொம்ப தூரம்னு கணக்கு போட்டு ஏமாந்துட்டு இருந்தாங்க. நம்ம கேலக்ஸியோட நடுவுலேர்ந்து கிளம்பற கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துல ஒரு லட்சம் கோடி ஃபோட்டானுக்கு, அதாவது ஒளித்துகளுக்கு, ஒண்ணுதான் வந்து சேரும்! சிவப்பையும் தாண்டி கண்ணுக்குத் தெரியாம இருக்கற இன்ஃப்ராரெட்ல பாத்தா பத்துக்கு ஒண்ணு தேறும், அங்க இருக்கற கருந்துளையைச் சுத்தற நட்சத்திரங்களைப் பிடிச்சு 2020ல நோபல் வாங்குனது அந்த வழியாத்தான்.

அப்போ வாயு சும்மா இருக்கான்னா, இல்ல, அது மறைக்காது, கையெழுத்து போடும். ஒவ்வொரு அணுவும் தனக்குன்னு சில நிறத்தை மட்டும் உறிஞ்சும், வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு விரிச்ச நிறமாலைல அந்த இடத்துல கருப்புக் கோடு விழும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது 1904ல ஹார்ட்மன்ங்கற வானியலாளர் பாத்ததுதான். ஓரியன் கூட்டத்துல வரிசையா நிக்கற மூணு நட்சத்திரம்தான் ஓரியன் பெல்ட், அதோட ஓரத்து நட்சத்திரம் மிண்டாக்கா, அது ஒண்ணை ஒண்ணு சுத்தற ஜோடி, அதனால நம்ம பக்கம் வர்றதுக்கும் விலகிப் போறதுக்கும் தகுந்த மாதிரி கோடெல்லாம் அஞ்சாறு நாளைக்கு ஒருதரம் இப்படியும் அப்படியும் போயிட்டு வரும், கால்சியம் கோடு மட்டும் ஆடாம நின்னுச்சு. மெட்ரோல போறப்போ வெளிய பில்டிங்கெல்லாம் ஓடும், கண்ணாடில ஒட்டுன கறை மட்டும் நகராதுல்ல, அது மாதிரி. அந்தக் கோடு நட்சத்திரத்தோடது இல்ல, வழில இருந்த வாயுவோடது.

டிசம்பர்ல ராத்திரி கிழக்க அந்த மூணு நட்சத்திரம் வரிசையா ஏறும், முதல்ல வர்றதுதான் மிண்டாக்கா. போன வருஷம் பையனுக்குக் காட்டலாம்னு மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன், எதிர் டேங்கே தெரியல.