பனிக்கட்டி ஹோட்டலில் மூன்று இரவா?

கேள்வி: ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் மகனைக் காண, வரும் ஜனவரியில் நானும் மனைவியும் செல்லவிருக்கிறோம். புதுச்சேரியிலுள்ள சுற்றுலா முகவர் ஒருவர், ஸ்வீடனின் வடக்கில் 'ஐஸ் ஹோட்டலில் மூன்று இரவுகள்' என்று ஒரு பேக்கேஜைக் கூறி, முழுத் தொகையையும் இப்போதே செலுத்த வேண்டும், எக்காரணத்துக்காகவும் திருப்பித் தர இயலாது என்கிறார். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர். பணம் கட்டலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போகலாம், ஆனால் இந்த நிபந்தனைகளில் பணம் கட்ட வேண்டாம்.

அவர் சொல்வது கிருணா நகருக்கு அருகே, யூக்காஸ்யார்வி என்ற சிற்றூரில் 1989-இல் தொடங்கப்பட்ட ஐஸ் ஹோட்டலாக இருந்தால், அங்கே டோர்னே ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியால் ஆன குளிர் அறைகளும், சாதாரணக் கட்டடத்தில் வெப்பமூட்டப்பட்ட அறைகளும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை முதலில் கவனியுங்கள். 'மூன்று இரவுகள்' என்று மட்டும் ரசீதில் எழுதியிருந்தால், மூன்றும் வெப்ப அறைகளாக இருந்தாலும் உங்களால் எதுவும் கேட்க முடியாது. ஆகவே எந்த இரவு எந்த வகை அறை என்பதை எழுத்தில் வாங்குங்கள். என் கருத்தில் உங்களுக்குக் குளிர் அறை ஓர் இரவு போதும், மற்ற இரண்டும் வெப்ப அறையாகவே இருக்கட்டும். அங்கே வருவோரில் பலரும் அப்படித்தான் தங்குகிறார்கள்.

வெளியே மைனஸ் 30 டிகிரி வரை இறங்கினாலும், பனிச்சுவருக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது தடுப்பதால், குளிர் அறைக்குள் மைனஸ் 5 முதல் மைனஸ் 8 டிகிரி வரைதான் இருக்கும். கலைமான் தோல் விரித்த கட்டிலில், அவர்களே தரும் கனத்த உறக்கப் பைக்குள், உள்ளாடைக் கம்பளியும் குல்லாவும் காலுறையும் அணிந்து படுக்க வேண்டும். பயந்துபோய் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டால் வியர்த்து, அந்த ஈரமே பிறகு குளிரெடுக்க வைத்துவிடும். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடும் நம் ஊர்க்காரர்களுக்கு உறக்கம் துண்டுதுண்டாகத்தான் வரும் என்றாலும், தாங்க முடியாததல்ல. உங்கள் வயதில் நான் அதிகம் கவலைப்படுவது கழிப்பறையைப் பற்றித்தான்: பெரும்பாலான குளிர் அறைகளில் அது கிடையாது, நள்ளிரவில் எழுந்தால் பக்கத்து வெப்பக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். தனிக் கழிப்பறையுள்ள அறைகளும் உண்டு, கட்டணம் கூடுதல். பெட்டிகளை வெப்பக் கட்டடத்திலேயே வைப்பது வழக்கம். இன்சுலினும் அங்கேயே இருக்கட்டும், ஏனெனில் ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பயணத்துக்கு மருத்துவரின் ஒப்புதலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பணம். ஸ்வீடன் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கிடைக்கும் என்று எந்த முகவராலும் உறுதி கூற இயலாது. ஆகவே விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு தொகை பிடித்தம் என்பது எழுத்தில் வந்த பிறகு முன்பணம் மட்டும் கொடுத்து, மீதியை விசா வந்தபின் கட்டுவதாகப் பேசுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு இடமுண்டா என்று பாலிசியைப் படித்தே வாங்குங்கள். வட வானில் இரவில் தோன்றும் வண்ண ஒளியான துருவ ஒளியைக் 'கட்டாயம் காட்டுவோம்' என்று யாராவது சொன்னால், மேகம் அவர் பேச்சைக் கேட்காது என்று சொல்லிவிடுங்கள்.

பின்னர் ஏமாற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். முகவர் புதுச்சேரியில் இருப்பது தடையாகாது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையென்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்து பார்க்கலாம். எதற்கும் ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.